கோழிகளை மேய விடுவதா, அடைத்து வைப்பதா? ஊசுட்டேரி முதல் வீராணம் வரை உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மழைக்காலம் தொடங்கி புதுச்சேரி, கடலூர் வட்டார ஏரிகளில் வலசைப் பறவைகள் இறங்க ஆரம்பித்ததும் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும். பாகூர் பக்கத்திலிருந்து கேட்பார்கள், காட்டுமன்னார்கோயிலிலிருந்து கேட்பார்கள், குறிஞ்சிப்பாடியிலிருந்தும் கேட்பார்கள். "பறவைக் காய்ச்சல் என்று செய்தியில் வருகிறதே, நாட்டுக்கோழிகளை இனிமேல் வெளியே விடலாமா? இல்லை, வலை போட்டு அடைத்துவிட வேண்டுமா? அடைத்தால் தீவனத்துக்குக் கட்டுப்படியாகுமா?"

கேட்கிறவர்களில் பெரும்பாலோர் 10 முதல் 100 கோழி வரை வைத்திருப்பவர்கள். முட்டையும் சேவலும் விற்ற காசில்தான் பிள்ளைகளின் பஸ் கட்டணமும் வீட்டுச் சில்லறைச் செலவும் ஓடும். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. கம்பெனிக்காக ஆயிரக்கணக்கில் கறிக்கோழி வளர்க்கும் பண்ணைகளின் கணக்கு வேறு, அதை இங்கே எடுக்கவில்லை.

முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. வழக்கம்போல முழுக்க மேய விடுவது ஒன்று. வலசைக் காலத்தில் மட்டும் அடைத்து மற்ற மாதங்களில் விடுவது இன்னொன்று. வருடம் முழுக்க அடைப்பிலேயே வளர்ப்பது மூன்றாவது. இவை மூன்றுக்கும் குறுக்கே நிற்கிற கேள்வி ஒன்று உண்டு: கோழியோடு வாத்தும் வைத்திருக்கிறீர்களா? என்னைக் கேட்டால், சுவரா வலையா என்று பார்ப்பதற்கு முன்பே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏன் என்று தெரிய, பறவைக் காய்ச்சல் கிருமி எப்படிப் பரவுகிறது, எப்படி மாறுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

## கிருமி எங்கிருந்து வருகிறது, எங்கே கொடியதாகிறது

இந்தக் கிருமியின் சொந்த வீடு நீர்ப்பறவைகள்தான். காட்டு வாத்துகளின் குடலில் பெருகி, எச்சத்தோடு தண்ணீரில் கலந்து, அதே தண்ணீரைக் குடிக்கும் அடுத்த பறவைக்குப் போகிறது. பெரும்பாலான வகைகளால் அந்த வாத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. நன்றாக நீந்தும், பறக்கும், போகிற இடமெல்லாம் கிருமியைப் போட்டுக்கொண்டே போகும்.

கிருமியின் மேற்பரப்பில் எச், என் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. பறவைகளில் எச் 16 வகை, என் 9 வகை. எச்5என்1 என்ற பெயர் இப்படி வந்ததுதான். இவற்றில் எச்5, எச்7 இரண்டு வகைகள்தான் கோழிக்கூட்டத்துக்குள் சுற்றும்போது சாதுவாக இருந்து கொடியதாக மாறக்கூடியவை.

அந்த மாற்றம் நடப்பது ஒரு சின்ன இடத்தில். எச் புரதத்தை உடம்பில் உள்ள ஒரு நொதி வெட்டிவிட்டால்தான் கிருமி செல்லுக்குள் நுழைய முடியும். சாதுவான வகையை வெட்டும் நொதி மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் கிடைக்கும், ஆகவே நோயும் அங்கேயே நின்றுவிடும். கோழிக்குக் கோழி பெருகிக்கொண்டே போகும்போது, வெட்டுப்படும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்ந்துவிடுவதுண்டு. அதன்பிறகு உடம்பு முழுக்க இருக்கிற இன்னொரு நொதியாலேயே அதை வெட்ட முடியும். மூளை, இதயம், ஈரல் எல்லா இடத்துக்கும் கிருமி போய்விடும். இரண்டு மூன்று நாளில் கூட்டமே காலி.

இப்போது உலகைச் சுற்றும் எச்5என்1 வம்சம் 1996-ல் சீனாவின் குவாங்தொங் மாகாணத்தில் ஒரு வளர்ப்புப் பெருவாத்தில் (கூஸ்) கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருடம் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். 2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கோழிக் கொட்டகையில் கொடியதான கிருமி காட்டுப் பறவைக்கே திரும்பிப் போய்விட்டது என்று அப்போதுதான் உலகத்துக்கு உறைத்தது. இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் வந்தது. கேரளத்தின் குட்டநாட்டில் 2014-லிருந்து வாத்துகளைத் திரும்பத் திரும்பத் தாக்கியிருக்கிறது.

2020-க்குப் பிறகு 2.3.4.4பி என்ற கிளை முந்திக்கொண்டு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பரவி, 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் இந்தப் புதிய கிளையும் இருக்கிறது, 2.3.2.1ஏ என்ற பழைய கிளையும் இருக்கிறது.

இவ்வளவு வேகமாக எப்படி மாறுகிறது? இதன் மரபணு ஒரே இழையாக இல்லை, எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. ஒரே பறவைக்குள் ஒரே நேரத்தில் இரண்டு வகைக் கிருமி புகுந்துவிட்டால், வெளியே வரும் குஞ்சுக் கிருமிகள் இதிலிருந்து மூன்று துண்டு, அதிலிருந்து ஐந்து துண்டு என்று புதுச் சேர்க்கையாக வரலாம். 1957, 1968 பெருந்தொற்றுகளைக் கொண்டுவந்த கிருமிகள் பறவைத் துண்டுகள் மனிதக் கிருமியோடு இப்படிச் சேர்ந்து பிறந்தவைதான். நம் ஊர்க் கோழிகளில் எச்9என்2 என்ற சாதுவான வகை பரவலாகச் சுற்றுகிறது. முட்டை குறையும், சளி பிடிக்கும், பெரிதாகச் சாவு இருக்காது. அப்படிப்பட்ட கோழி, ஏரியிலிருந்து எச்5 சுமந்து வந்த வாத்தோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. சீனாவில் 2013-ல் மனிதர்களைத் தாக்கிய எச்7என்9 வகைக்கு உள் துண்டுகளைக் கொடுத்தது எச்9என்2தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

மேலே சொன்னதிலிருந்தே அளவுகோல்கள் வந்துவிடுகின்றன.

தண்ணீர். வெயிலிலும் காய்ந்த மண்ணிலும் இந்தக் கிருமி சீக்கிரம் சாகும். குளிர்ந்த, நிழலான ஈரத்தில் நாள்கணக்கில், நல்ல குளிர்ச்சியான தண்ணீரில் வாரக்கணக்கில்கூட நிற்கும். உங்கள் கோழி குடிக்கும் தண்ணீருக்கும் காட்டுப் பறவை எச்சத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது முதல் கேள்வி.

கலப்பு. கோழி, வாத்து, வான்கோழி, சந்தையிலிருந்து வரும் புதுக்கோழி, காக்கை இவையெல்லாம் எங்கே ஒன்றோடொன்று சேர்கின்றன?

நோய் வந்துவிட்டால். எத்தனை கோழி போகும், வீட்டு மனிதருக்கு எவ்வளவு ஆபத்து, பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்?

செலவும் உழைப்பும். தீவனம், வலை, கூரை, தினமும் யார் கூட்டிப் பெருக்குவது.

நம் ஊர் வானிலை. கடலூர், புதுச்சேரி என்றால் புயலைக் கணக்கில் சேர்க்காமல் எதையும் கட்ட முடியாது.

இவற்றில் முதல் இரண்டும் நம் வட்டாரத்தில் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி, பெருமாள் ஏரி, வீராணம் எல்லாம் நிரம்பும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வடக்கேயிருந்து வந்து இறங்கும், மார்ச் வரை இருக்கும். பொங்கல் கழிந்து சம்பா அறுவடை மும்முரமாகும்போது, உதிர்ந்த நெல்லுக்காக மேய்ச்சல் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் ஏரி வாய்க்காலிலும் அறுத்த தாளிலும் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் ஊருக்கு வெளியே வலைப் பட்டியில் அடைப்பார்கள், சில நாளில் அடுத்த ஊருக்குப் போவார்கள். அதே தாளில்தான் நம் கோழியும் காலையில் போய்ச் சீய்க்கும். பனி காயாத தாள், வரப்போரம் தேங்கின தண்ணீர், நேற்று வாத்து போட்ட எச்சம். பிப்ரவரிக் காலை ஒன்றில் வரப்பில் நின்று பார்த்தால் கிருமிக்கு வேண்டியதெல்லாம் ஒரே சதுரத்தில் இருப்பது தெரியும்.

தாய்லாந்தில் 2004-ல் நோய் எங்கெங்கே வந்தது என்று வரைபடம் போட்டுப் பார்த்தபோது, மேய்ச்சல் வாத்தும் அடிக்கடி நெல் அறுவடையும் சேர்ந்திருந்த பகுதிகளோடுதான் அது பொருந்தியது. வாத்துக்காரர்களைக் குற்றவாளியாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பிழைப்பும் நம் பிழைப்பும் ஒரே வயலில் நடக்கிறது, அதனால் நம் கோழியை எந்த வாரத்தில் அந்த வயலுக்கு விடக்கூடாது என்பதை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## வழி 1: வழக்கம்போல மேய விடுவது

இதன் பலம் எல்லோருக்கும் தெரியும். கோழி தன் தீனியில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்கிறது. ஒரு கோழிக்கு நாளுக்கு 40 கிராம் குருணையோ கம்போ தூவினால் போதும் என்று வைத்தால், 50 கோழிக்கு மாதம் 60 கிலோ. அடைகாக்கும் கோழி நன்றாகக் குஞ்சு பொரிக்கும், கறிக்கு ருசியும் விலையும் உண்டு. இடம் விரிந்திருப்பதால், பக்கத்து வீட்டுக் கோழிக்கு ஒன்று வந்தாலும் எல்லாம் ஒரே நாளில் விழாது.

தண்ணீர், கலப்பு இரண்டிலும் இந்த வழி தோற்கிறது. கோழி எங்கே குடிக்கிறது, எதைக் கொத்துகிறது என்பது நம் கையில் இல்லை. மறைந்திருக்கும் செலவு, நோய் வந்த பிறகுதான் தெரியும். ஓர் இடத்தில் நோய் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். நிவாரணம் அழிக்கப்பட்ட பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும்தான். அதற்கு முன்பே நோயில் செத்த கோழிக்குக் காசு வராது. மேய விடுகிறவர்களுக்கு இதில் அடி அதிகம், ஏனென்றால் பல இடத்தில் திரியும் கோழி செத்தாலும் இரண்டு மூன்று நாள் யாரும் கவனிப்பதில்லை. நாய் இழுத்துப் போயிருக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

ஏரி, வயல், வாத்து எதுவும் பக்கத்தில் இல்லாத இடங்களுக்கு இந்த வழி இன்னும் சரிதான். நெய்வேலி, வடலூர்ப் பக்கச் செம்மண் மேட்டில், முந்திரிக் காட்டோரம் இருக்கிறீர்கள், வாத்து வைத்திருக்கவில்லை என்றால் மாற்ற வேண்டிய அவசரம் இல்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் திறந்த முற்றத்திலிருந்து எடுத்துத் தாழ்வாரத்தின் கீழ் வையுங்கள். காக்கை வந்து விளிம்பில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்து, போகும்போது அதிலேயே எச்சம் போட்டுவிட்டுப் போவதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். 2024-ல் ஆலப்புழையில் வாத்துகளுக்கும் கோழிகளுக்கும் வந்த பிறகு அதே மாவட்டத்து முகம்மாவில் காக்கைகளும் இந்தக் கிருமியில் செத்தன. ஏரிக்கும் உங்கள் முற்றத்துக்கும் நடுவே பறக்கிற பறவை அதுதான்.

## வழி 2: பருவத்தில் மட்டும் அடைப்பு

நவம்பர் முதல் மார்ச் வரை கோழிகளை ஒரு வலை முற்றத்துக்குள் வைத்துவிட்டு, ஏப்ரலில் திறந்துவிடுவது. ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் இருக்கிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஆனால் அரைகுறையாகச் செய்தால் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

ராத்திரி அடையக் கொட்டகை, அதை ஒட்டிக் கோழிக்கு 10 சதுர அடி வீதம் வலை முற்றம். பக்கவாட்டில் கம்பி வலை, மேலே நைலான் வலை, சிட்டுக்குருவி நுழையாத கண் அளவு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலை பறவையைத் தடுக்கும், எச்சத்தைத் தடுக்காது. மரத்தடியில் முற்றம் போட்டால் மேலே உட்காரும் கொக்கின் எச்சம் நேராகத் தீவனத் தட்டில் விழும். ஆகவே மரத்தடி வேண்டாம், தீவனமும் தண்ணீரும் கூரைக்குக் கீழேதான். தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ. வாய்க்கால், குட்டை, ஏரித் தண்ணீர் இந்த ஐந்து மாதமும் கிடையாது. முற்றத்துக்குள் போவதற்கென்று ஒரு ஜோடி செருப்பு, அதை வெளியே போட்டுக்கொண்டு போகக்கூடாது. வயலிலிருந்து சேற்றுக்காலோடு நேரே கோழிக்குத் தீனி வைக்க வருகிறவர், வாத்து மேய்ந்த தாளையே கூடவே கொண்டுவந்துவிடுகிறார்.

தீவனக் கணக்கு: அடைத்த கோழிக்கு நாளுக்கு 110 கிராம் வேண்டும். 50 கோழிக்கு மாதம் 165 கிலோ, மேய்ச்சலைவிட 105 கிலோ கூடுதல். கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,150 ரூபாய், ஐந்து மாதத்துக்கு 15,750. பத்துக் கோழி என்றால் 3,150-ல் முடிந்துவிடும். அசோலா, கீரைக் கழிவு, கரையான் கொடுத்தால் கொஞ்சம் குறையும்.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. திரிந்து பழகிய கோழி அடைத்ததும் சுணங்கும், முதல் சில வாரம் முட்டை குறையும். அடைக்கும் மாதமே மழை மாதம் என்பதால் முற்றம் சேறாகும். சேறும் எச்சமும் சேர்ந்தால் ரத்தக்கழிச்சல் வரும். தரையை முக்கால் அடி உயர்த்தி மணல் கொட்டி, மேலே உமி போட்டு, ஈரமான இடத்தில் சுண்ணாம்பு தூவ வேண்டும். சேவல்கள் சண்டை போடும், கூடுதல் சேவல்களைத் தீபாவளிக்கே விற்றுவிடுங்கள்.

இதில் பெரிய பலவீனம் திறந்துவிடும் தேதி. தை பிறந்ததும் "மழை நின்றுவிட்டது, கோழி பாவம்" என்று வலையைத் தூக்கிவிடுகிறோம். வாத்துகள் தாளுக்கு வருவது அப்புறம்தான். ஐந்து மாதத்தில் இரண்டரை மாதம் கட்டிக் காத்து, ஆபத்து அதிகமான மாதத்தில் திறந்துவிட்டால் போட்ட காசு வீண். அடைக்க முடிந்தது இரண்டு மாதம்தான் என்றால், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை அடைத்து வையுங்கள்.

நாள்காட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. குளிர்காலத்தோடு போய்விடும் என்ற பழைய நினைப்பை 2.3.4.4பி கிளை உடைத்துவிட்டது. ஐரோப்பாவில் 2022 கோடையிலும் கடற்பறவைகள் செத்தன. குட்டநாட்டில் எடத்துவா, செறுதனைப் பக்கம் 2024-ல் நோய் உறுதியானது ஏப்ரலில். அதனால் ஏப்ரல் 1 என்று எழுதி வைக்காமல், மூன்று விஷயம் நடந்த பிறகு திறந்துவிடுங்கள்: ஏரியில் வலசை வாத்துகள் குறைந்திருக்க வேண்டும், மேய்ச்சல் வாத்துகள் ஊரைத் தாண்டிப் போய் இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், சுற்றுவட்டாரத்தில் காக்கையோ கோழியோ கும்பலாகச் செத்த செய்தி இருக்கக்கூடாது.

## வழி 3: வருடம் முழுக்க அடைப்பு

கூரை, சுற்றிலும் வலை, தரையில் உமியோ தேங்காய் நார்க் கழிவோ போட்ட ஆழ்கூளம். கோழிக்கு 2 சதுர அடி என்றால் 50 கோழிக்கு 100 சதுர அடி போதும். தண்ணீர், கலப்பு இரண்டும் முழுக்க நம் கட்டுப்பாட்டில். எந்தக் கோழி தீனி எடுக்கவில்லை என்று காலையிலேயே தெரிந்துவிடும், தடுப்பூசி போடுவது சுலபம்.

மேய்ச்சலைவிடத் தீவனம் வருடத்துக்கு 37,800 ரூபாய் கூடுதல், அதே 50 கோழி, அதே 30 ரூபாய்க் கணக்கில். முட்டைக்கு நிலையான வாடிக்கை இருந்தால்தான் இது தாங்கும். மேய்ச்சல் கோழி என்று சொல்லி வாங்கும் விலையும் போய்விடும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், கீற்றுப் போட வேண்டும். கீற்றுப் போட்டால் புயலில் போய்விடும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோதும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோதும் இந்த வட்டாரத்துக் கூரைகளும் தாழ்வான பகுதிகளும் பட்ட பாடு மறந்திருக்காது. அடைத்து வளர்க்கும் கோழிக்கு ஓடிப்போய் மேட்டில் நிற்கக்கூட வழி இல்லை. தாழ்வான இடம் என்றால் கொட்டகைக்கு இரண்டடி மேடை கட்டும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டும். அடைப்பு கிருமியின் வரவைக் குறைக்கும், வந்துவிட்டால் வேகத்தைக் கூட்டும். நெருக்கமாக இருக்கும் கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். நான்கு பக்கமும் சுவர் வைத்த அமெரிக்க முட்டைப் பண்ணைகளே 2022-லிருந்து கோடிக்கணக்கில் கோழிகளை இழந்தன, 2025 தொடக்கத்தில் அங்கே முட்டை விலை வரலாறு காணாத அளவுக்குப் போனது. ஆள், வண்டி, முட்டை அட்டை, தீவன மூட்டை என்று ஏதாவது ஒன்றோடு கிருமி உள்ளே போகும். கோழிக்கடையிலிருந்து திரும்பி வந்த முட்டை அட்டையை மறுபடி கொட்டகைக்குள் கொண்டு போகிறவருக்கு வலையால் ஒரு பயனும் இல்லை.

## மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | மேய்ச்சல் | பருவ அடைப்பு | முழு அடைப்பு |
|---|---|---|---|
| ஏரி, வயல் தண்ணீரோடு தொடர்பு | அதிகம், தடுக்க முடியாது | ஆபத்து மாதங்களில் இல்லை | இல்லை |
| வாத்து, காக்கையோடு கலப்பு | தினமும் | திறந்திருக்கும் மாதங்களில் மட்டும் | ஆள், பொருள் வழியாக மட்டும் |
| நோய் உள்ளே வந்தால் | மெதுவாகப் பரவலாம், தாமதமாகத்தான் தெரியும் | அடைத்த மாதங்களில் வேகம் | மிக வேகம், ஆனால் உடனே தெரியும் |
| 50 கோழிக்கு வருடக் கூடுதல் தீவனம் (கிலோ 30 ரூபாய் என்றால்) | இல்லை | 15,750 | 37,800 |
| மறைந்த செலவு | நோயில் செத்ததற்கு நிவாரணம் இல்லை | சேறு, முட்டைக் குறைவு | வெயில், புயல், ரத்தக்கழிச்சல் |
| யாருக்கு | மேட்டு நிலம், வாத்து இல்லாதவர் | ஏரிக்கரை, நெல் வயலோரம் | முட்டை வியாபாரம், வாத்துப் பட்டிக்கு அருகில் இருப்பவர் |

## வாத்தும் வைத்திருப்பவர்களுக்கு

பத்துக் கோழியோடு நாலு வாத்து என்பது நம் பக்கத்தில் சகஜம். காலையில் வாத்து வாய்க்காலுக்குப் போகும், சாயங்காலம் திரும்பி வந்து கோழியோடு ஒரே கொட்டகையில் அடையும். இந்த ஏற்பாட்டில் மேலே சொன்ன மூன்று வழியும் தோற்றுவிடும். நீங்கள் கோழிக்கு எவ்வளவு நல்ல வலை போட்டாலும் வாத்து ஏரியைத் தினமும் வீட்டுக்குக் கொண்டு வருகிறது. அதிலும் பல நேரம் நோயே காட்டாமல்.

ஹாங்காங்கில் 1997 சாவுகளுக்குப் பிறகு செய்த முதல் காரியங்களில் ஒன்று, சந்தையில் உயிரோடு விற்கும் வாத்துகளைக் கோழிகளிடமிருந்து பிரித்தது. நமக்கும் அதே கணக்குத்தான். இடம் இருந்தால் தனிக் கொட்டகை, தனித் தண்ணீர், தனிச் செருப்பு, நடுவே தண்ணீர் வழிந்து வராத தூரம். இடம் இல்லை என்றால் ஒன்றை விட்டுவிடுங்கள். வாத்து முட்டைக்கு நல்ல வாடிக்கை இருந்தால் கோழியை விற்றுவிட்டு வாத்தை மட்டும் வையுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. இரண்டையும் ஒரே கொட்டகையில் வைத்துவிட்டு வலைக்குச் செலவு செய்யாதீர்கள்.

சந்தைக்கும் இதே விதிதான். விலை படியாமல் திருப்பிக் கொண்டுவந்த சேவலை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து இரண்டு வாரம் பாருங்கள், தீனியும் கடைசியாக அதற்கு வையுங்கள். முடிந்தவரை, சந்தைக்குப் போனது விற்றுத்தான் வர வேண்டும்.

## தடுப்பூசி போட்டால் போதாதா?

எச்5என்1-க்குக் கோழித் தடுப்பூசி உலகில் இருக்கிறது. சீனா பல வருடமாகப் போடுகிறது, பிரான்ஸ் 2023 அக்டோபரிலிருந்து வாத்துகளுக்குப் போடுகிறது. நம் நாட்டின் வழி, கண்டுபிடித்து அழிப்பதுதான். ஆகவே வீட்டுக் கோழிக்கு இது இப்போது ஒரு தேர்வாகவே இல்லை.

கால்நடை மருந்தகத்தில் போடுவது வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி. அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. இருந்தாலும் அதைக் கட்டாயம் போடுங்கள், இரண்டு காரணத்துக்காக. நாட்டுக்கோழிகளை வெள்ளைக்கழிச்சல் வாரிக்கொண்டு போவதுதான் நம் ஊரில் வழக்கமாக நடப்பது. இரண்டாவது, இரண்டு நோயையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கழிச்சல் ஊசி போட்ட கூட்டத்தில் திடீரென்று சாவு விழுந்தால் மருத்துவர் உடனே உஷாராவார். போடாத கூட்டம் என்றால் "கழிச்சலாக இருக்கும்" என்று எல்லோரும் சேர்ந்து ஒரு வாரத்தைத் தொலைத்துவிடுவோம்.

## எந்த வழியானாலும், சாவு விழுந்தால்

ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி செத்தாலோ, கொண்டை நீலமாகி முகம் வீங்கினாலோ, காலில் ரத்தப் புள்ளி தெரிந்தாலோ, முட்டை சட்டென்று நின்றாலோ அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 எண், புதுச்சேரியில் உங்கள் கொம்யூனில் உள்ள கால்நடை மருந்தகம். மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் வரை போய்த்தான் முடிவு உறுதியாகும், ஆகவே ஒரு நாள் முந்தினாலும் லாபம். முன்பே சொன்னபடி, அழிப்பதற்கு முன் செத்ததற்குக் காசு இல்லை என்பதால் மறைத்து வைப்பதில் நமக்குத்தான் நஷ்டம்.

மீதியை அவசரமாக விற்காதீர்கள். செத்ததை ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள், நாய்க்கும் பூனைக்கும் போடாதீர்கள். நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 கடைசியில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1-ல் செத்தன, பூனை இனத்தை இந்தக் கிருமி சுலபமாகத் தாக்கும். வெறுங்கையால் தொடாமல், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரமாக வைத்து மருத்துவர் சொல்வதுபோல் ஆழமாகப் புதையுங்கள். இடத்தைச் சோப்புத் தண்ணீராலும் பிளீச்சிங் பவுடர் கரைசலாலும் கழுவுங்கள். இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பு உறை இருப்பதால் சோப்பே அதைக் கொன்றுவிடும்.

மனிதருக்கு இது சுலபத்தில் தொற்றாது. பறவைக் கிருமி ஒட்டிக்கொள்ளும் இடம் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். ஆனால் 2003-லிருந்து உலகில் எச்5என்1 தொற்று உறுதியான 950-க்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தையும் இறந்தார்கள். அந்தக் குழந்தைக்குச் சமைக்காத கோழித் துண்டு கொடுக்கப்பட்டிருந்ததாகச் செய்தி. நன்றாக வெந்த கறியாலும் முட்டையாலும் பயமில்லை, 70 டிகிரிச் சூட்டில் கிருமி நொடிகளில் சாகும். அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும்தான் கவனம், குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். கோழி செத்த வீட்டில் பத்து நாளுக்குள் யாருக்காவது காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், அரசு மருத்துவமனைக்குப் போய் மற்ற விவரங்களுக்கு முன்னால் "வீட்டில் கோழி செத்தது" என்பதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதற்கான மருந்து முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.